தொடர்கதை நாயகியர் இருவரும் திரைக்குச் சென்ற வழியும்

ஆரணியில் பட்டுத்தறி ஓடிய வீடுகளில் பழைய கதைப் புத்தகம் என்று ஒன்று இருந்தால், அது பெரும்பாலும் கடையில் வாங்கியதாக இராது. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையின் தாள்களை வாரம் தவறாமல் பிரித்தெடுத்து, அடுக்கி, தைத்து, அட்டையும் துணியும் ஒட்டிப் பைண்டு செய்த தொகுதியாகவே இருக்கும். தாளின் ஒரு புறம் கதை. மறுபுறம் பாதியில் நின்றுபோன துணுக்கு அல்லது சோப்பு விளம்பரம். ஒவ்வோர் அத்தியாயத்தின் தலையிலும் ஒரு சித்திரம். பின்னாளில் அதே கதைகள் ஒழுங்கான நூல்களாக வந்தபோது சித்திரங்கள் பலவற்றில் இல்லை. ஆகவே, 'கதையைப் படித்தேன்' என்று சொல்லும் இருவர், பைண்டு படித்தவரும் நூல் படித்தவரும், உண்மையில் ஒரே கதையைப் படித்தவர்கள் ஆகமாட்டார்கள் என்பது என் கருத்து.

எங்கள் வீட்டில் அப்படி இரண்டு தொகுதிகள் இருந்தன. ஒன்று தாத்தா காலத்தது: கல்கியின் 'தியாகபூமி'. மற்றொன்று கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற புனைபெயரில் எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்'. இரண்டும் ஆனந்த விகடன் தாள்கள். இவற்றை எங்களுக்குப் படித்துக் காட்டியவர் என் அத்தை. பத்தொன்பது வயதில் கணவரால் விடப்பட்டுப் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர். அதன் பின் ஐம்பது ஆண்டுகள் தார் சுற்றியே வாழ்ந்தவர். பகலில் ராட்டை, மாலையில் விளக்கடியில் பைண்டு. தறிக்குழியில் அமர்ந்தபடி அப்பா கேட்பார். இழை அறுந்தால் கதையும் நிற்கும். புனைத்து முடித்ததும் 'ம்' என்பார், கதை மேலே ஓடும்.

இந்தப் பழைய நினைவை இந்த மலரில் எழுதத் தூண்டியது நம் வட்டத்து இளங்கவிஞர் ஒருவரின் கேள்வி. கணிப்பொறியில் ஜப்பானியக் காதல் கதை ஒன்றைப் பல நாட்களாக 'வாசித்து' வருவதாகவும், படமும் இசையும் குரலும் கலந்த அந்த வடிவத்துக்கு விஷுவல் நாவல் என்று பெயர் என்றும் சொல்லிவிட்டு, "நம்மிடம் இப்படி ஏதேனும் இருந்ததா ஐயா?" என்று கேட்டார். இல்லை என்று அன்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு நடந்து வரும்போதே அந்த விடை தவறு என்று பட்டது.

அந்த ஜப்பானிய வடிவம் எத்தகையது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். திரையில் ஓர் ஊரின் படம். அதன்மேல் ஒரு பெண்ணின் உருவம். அடியில் ஒரு கட்டத்துக்குள் நாலைந்து வரி எழுத்து. வாசகன் விசையைத் தட்டத் தட்ட எழுத்து நகரும். ஆங்காங்கே கதை நின்று வாசகனைக் கேட்கும்: இவளுடன் நூலகத்துக்குப் போகிறாயா, அவளுடன் கடைத்தெருவுக்குப் போகிறாயா? தேர்ந்த வழியில் கதை பிரியும். 1990களில் லீஃப் என்னும் நிறுவனம் தன் வரிசைக்கு இட்ட பெயரே பின்னர் இவ்வகை முழுமைக்கும் நிலைத்தது. 1997இல் வந்த 'டு ஹார்ட்' அவ்வரிசையில் பெரும்புகழ் பெற்ற காதல் கதை. 1999இல் கீ என்னும் நிறுவனம் 'கானோன்' என்ற ஒன்றை வெளியிட்டது. ஏழாண்டுகளுக்குப் பின் பனி பெய்யும் ஊர் ஒன்றுக்குத் திரும்பும் இளைஞன்; மறந்துபோன பால்யம்; ஐந்து பெண்கள், ஐந்து வழிகள். ஒருத்தியின் வழியில் சென்றால் மற்றவர்களின் துயரம் தீராமலேயே கதை முடியும். அவர்கள் கதையும் வேண்டுமென்றால் முதலிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும்.

இந்தக் 'கானோன்' சித்திரக்கதையாயிற்று, நாவலாயிற்று, குரல் நாடகமாயிற்று. தொலைக்காட்சியில் 2002இல் ஒரு முறை 13 பகுதிகளாகவும், கியோட்டோ அனிமேஷன் நிறுவனத்தாரால் 2006இல் தொடங்கி மறுமுறை 24 பகுதிகளாகவும் அசைபடமாக வந்தது. அங்கேதான் சிக்கல். தொலைக்காட்சி வாசகனைக் கேட்காது. கதை ஒரு வழியில்தான் ஓடும். ஐந்து வழிகளையும் ஒரே சரத்தில் கோக்க வேண்டியிருந்தது; ஒருத்தியின் முடிவே கதையின் முடிவாக நின்றது. வடிவம் மாறும்போது ஒரு காதல் கதை எதை இழக்கிறது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது: இழப்பது, தேர்வை.

இவ்விடத்தில் நெசவுக்காரனுக்கே தோன்றும் ஒரு பேச்சை இடைச்செருகலாக வைக்கிறேன். நம் தறிகளின் மேலே ஏறி நிற்கும் ஜக்கார்டு பெட்டி, 1800களின் தொடக்கத்தில் பிரான்சில் ஜோசப் மாரி ஜக்கார்டு அமைத்த பொறியின் வழி வந்தது. அட்டையில் துளை இருந்தால் ஊசி நுழையும், இழை எழும். துளை இல்லையேல் எழாது. 'ஆம்', 'இல்லை' என்ற இரண்டே விடைகளால் அன்னமும் மயிலும் கரையில் வந்து நிற்கின்றன. 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை எண்ண ஹாலரித் துளையட்டைகளைப் பயன்படுத்தினார். கணிப்பொறிகளும் நெடுங்காலம் துளையட்டையால்தான் ஊட்டப்பட்டன. நம் இளங்கவிஞர் பகலில் தறியிலும் இரவில் கணிப்பொறியிலும் செய்வது தூரத்து உறவுமுறையுள்ள இரு வேலைகள்தாம்.

நிற்க. விகடன் கதைக்கு வருவோம்.

எஸ். எஸ். வாசன் 1928இல் ஆனந்த விகடனை வாங்கினார். கல்கி அதன் ஆசிரியப் பொறுப்பில் இருந்த 1930களில் தொடர்கதை என்பது வாராவாரம் வீட்டுக்கு வரும் விருந்தாளியாயிற்று. 1938-39இல் வந்த 'தியாகபூமி'க்கு ஒரு புதுமை உண்டு. அதற்கு ஓவியர் படம் வரையவில்லை. கே. சுப்பிரமணியம் இயக்கத்தில் அதே கதை திரைப்படமாகிக்கொண்டிருந்தது. அந்தப் படப்பிடிப்பின் புகைப்படங்களே அத்தியாயங்களுக்குச் சித்திரங்களாக அச்சாயின. சம்பு சாஸ்திரி என்று எழுத்தில் வந்தவருக்குப் பாபநாசம் சிவனின் முகம். சாவித்திரிக்கு எஸ். டி. சுப்புலட்சுமியின் முகம். குழந்தை சாருவுக்குப் பேபி சரோஜா. படம் திரையரங்குக்கு வருமுன்பே வாசகர் அம்முகங்களுடன் பல மாதம் வாழ்ந்திருந்தனர். நடிகரின் படத்தின்மேல் எழுத்து ஓடும் கதை என்றால் இதுவேயன்றோ? ஜப்பானியர் அறுபது ஆண்டு கழித்துக் கணிப்பொறியில் செய்ததன் ஒரு பாதியை நாம் அச்சுத்தாளில் செய்திருக்கிறோம். மற்றொரு பாதியாகிய வாசகனின் தேர்வு அதில் இல்லை. ஆனால் கதைக்குள்ளேயே ஒரு தேர்வு இருந்தது. அது வாசகனுடையதன்று, நாயகியுடையது.

கதை பலரும் அறிந்ததே. நெடுங்கரைச் சம்பு சாஸ்திரியின் மகள் சாவித்திரி. கல்கத்தாவில் வேலை பார்க்கும் ஸ்ரீதரனுக்கு வாழ்க்கைப்படுகிறாள். அவனுக்கு நாகரிக மோகம், இவள் பட்டிக்காடு. துன்பம் பொறாது கர்ப்பிணியாக ஊர் திரும்பினால் தந்தை ஊரில் இல்லை. பெற்ற குழந்தையைத் தந்தையிடமே அவரறியாமல் விட்டுவிட்டுப் பம்பாய் சென்று, பின்னர் உமாராணி என்ற பெயரில் பெருஞ்செல்வத்துடன் திரும்புகிறாள். அப்போது கணவன் வருகிறான், வழக்கும் வருகிறது: மனைவி தன்னுடன் வந்து வாழ வேண்டும் என்று. நீதிமன்றத்தில் அவள் சொல்லும் விடைதான் கதையின் உயிர். அவனுடன் வாழ மாட்டாள். வேண்டுமானால் அவனுக்கு ஜீவனாம்சம் தருவாள்.

இதைக் கல்கியின் குறும்பு என்று சிரித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஆனால் அச்சட்டம் குறும்பன்று. பம்பாயில் ருக்மாபாய் என்னும் பெண்மீது, இளமையில் மணந்த கணவர் 1884இல் தொடுத்த வழக்கும் இத்தகையதே. கணவனிடம் போ, இல்லையேல் சிறைக்குப் போ என்று 1887இல் தீர்ப்பானபோது, சிறைக்கே போவேன் என்றார் அவர். 1888இல் கணவருக்கு 2000 ரூபாய் கொடுத்து வழக்கு தீர்ந்தது. பின்னர் அவர் இங்கிலாந்து சென்று மருத்துவம் படித்துத் திரும்பினார். கல்கி இதை மனத்தில் கொண்டு எழுதினார் என்று நான் சொல்லவில்லை. பணம் கொடுத்து ஒரு பெண் தன் உடலை மீட்டுக்கொண்ட வரலாறு இந்நாட்டில் ஏற்கெனவே இருந்தது என்பதை மட்டும் சொல்லி மேலே செல்கிறேன்.

எங்கள் அத்தை இந்த நீதிமன்ற அத்தியாயத்தைப் படிக்கும்போது ராட்டையைத் தொடமாட்டார். மற்ற அத்தியாயங்களைப் படிக்கும் குரலும் அதைப் படிக்கும் குரலும் வேறு. ஒருமுறை, நான் சிறுவனாக இருந்தபோது, "இந்தப் படத்தில் இருப்பது யார் அத்தை?" என்று எஸ். டி. சுப்புலட்சுமியின் புகைப்படத்தைக் காட்டிக் கேட்டேன். "சாவித்திரி" என்றார். நடிகையின் பெயர் அவருக்குத் தெரியும். ஆயினும் அதைச் சொல்லவில்லை.

திரைப்படம் 1939 மே மாதம் வெளியாயிற்று. காந்தியக் கொள்கை, தீண்டாமை எதிர்ப்பு, கதர், ராட்டை, டி. கே. பட்டம்மாளின் குரலில் தேசப் பாடல் என்று எல்லாம் நிறைந்த படம். 1940இல் அரசு தடை விதித்தது. தடை ஆணை வந்து சேருமுன் இலவசக் காட்சிகளாக ஓட்டினர் என்பதும், கூட்டம் அலைமோதியது என்பதும், காவலர் தடியடி நடத்தினர் என்பதும் திரைப்பட வரலாற்றில் பதிவானவை. அரசு அஞ்சியது அதன் அரசியலுக்கு; சாவித்திரியின் நீதிமன்ற விடைக்கு அன்று. ஆனால் வீடுகளில் எது அச்சம் தந்தது என்று கேட்டால் விடை மாறும். படமாகிய பின்னும் சாவித்திரியின் தேர்வு சிதையாமல் நின்றதற்குக் காரணம், எழுத்தும் படமும் ஒரே காலத்தில், ஒரு கைக்கு மறுகை தெரிந்தே, செய்யப்பட்டமைதான் என்று கருதுகிறேன். கதை எழுதியவர் ஒரு தலைமுறை, படம் எடுத்தவர் மறு தலைமுறை என்ற இடைவெளி அங்கே இல்லை.

அந்த இடைவெளியை 'தில்லானா மோகனாம்பா'ளில் காணலாம்.

கே. சுப்பிரமணியத்தின் ஸ்டூடியோ தீவிபத்துக்குள்ளாகி ஏலத்துக்கு வந்தபோது வாசன் வாங்கி ஜெமினி ஸ்டூடியோ ஆக்கினார். அந்த ஜெமினியின் கதை இலாகாவில் தூணாக நின்றவர் கொத்தமங்கலம் சுப்பு. நடிகர், பாட்டாசிரியர், வசனகர்த்தா, 1953இல் கே. பி. சுந்தராம்பாள் நடித்த 'ஔவையா'ரை இயக்கியவர். காந்தி மகான் கதையை வில்லுப்பாட்டில் ஊர் ஊராகக் கொண்டுசென்றவர். அவர் 1950களின் பிற்பகுதியில் விகடனில் எழுதிய தொடர்தான் 'தில்லானா மோகனாம்பாள்'. படம் வரைந்தவர் கோபுலு. தஞ்சை மண்ணில் பிறந்து, கும்பகோணம் ஓவியப் பள்ளியில் பயின்றவர். கோயில் திருவிழாவும் சத்திரத்துத் திண்ணையும் தவில்காரரின் தொப்பையும் அவர் கோட்டுக்குள் தாமாக வந்து அமர்ந்துகொள்ளும். மோகனாவை அவர் வரைந்த வாரம் முதல், தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கானோர் மனத்தில் அவளுக்கு ஒரு முகம் ஏற்பட்டுவிட்டது.

கதை காதல் கதை. சிக்கல் சண்முகசுந்தரம் நாதசுர வித்துவான். திருவாரூர் மோகனாம்பாள் ஆடற்கலைஞர். கலையில் போட்டி, மனத்தில் காதல், இடையில் தாயார் வடிவாம்பாளின் பணக்கணக்கு, தரகனாகத் திரியும் சவடால் வைத்தி. சிங்கபுரம் மைனர் ஒரு பக்கம், மதன்பூர் மகாராஜா ஒரு பக்கம். மேலோட்டமாகப் பார்த்தால் கலகலப்பான பழங்காலக் கதை. ஆனால் அது எழுதப்பட்ட காலத்தை நினைவில் கொள்ள வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1920களின் இறுதியில் சென்னைச் சட்டமன்றத்தில் தொடங்கிய போராட்டம், 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டமாக நிறைவேறியது. அம்மரபிலிருந்தே எழுந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், மைனர்களும் தரகர்களும் நிரம்பிய அவ்வுலகைத் 'தாசிகள் மோசவலை' நாவலில் 1936லேயே தோலுரித்துக் காட்டியிருந்தார். சுப்புவின் தொடர் வந்தது சட்டம் வந்து பத்தாண்டு கழித்து. மைனர், மகாராஜா, தாய், தரகன் என்று அதில் மோகனாவைச் சுற்றி நிற்போர் யாவரும் அந்த ஒழிந்த அமைப்பின் உறுப்புகள். அவள் அவர்களை மறுத்து, தனக்கு நிகரான கலைஞன் ஒருவனைத் தானே தேர்ந்துகொள்கிறாள், அதுவும் மணவாழ்க்கைக்கு. அவள் தாயாரின் தலைமுறையில் இந்தத் தேர்வே இல்லை. 'கானோ'னில் ஓர் இளைஞன்முன் ஐந்து பெண்கள் நிற்கின்றனர். இங்கே ஒரு பெண்முன் ஆடவர் நிற்கின்றனர். விகடன் வாசகர்கள் மோகனாவுக்காக வாராவாரம் பதறியது, அவள் யாரை மணப்பாள் என்பதற்காக மட்டும் அன்று. அவள் மணப்பாளா என்பதற்காக.

ஏ. பி. நாகராஜன் இதைத் தயாரித்து இயக்கி 1968 ஜூலையில் வெளியிட்டார். இரண்டு கனத்த பாகங்களாக நூலுருப்பெற்ற கதை ஏறத்தாழ மூன்று மணி நேரத்துக்குள் அடங்க வேண்டியிருந்தது. அடங்கிற்று என்பதே வியப்பு. சிவாஜி கணேசன், பத்மினி, டி. எஸ். பாலையா, நாகேஷ், மனோரமா, சி. கே. சரஸ்வதி என ஒவ்வொருவரும் கோபுலுவின் கோட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்தனர். பாலையா தவிலைத் தொட்டபோது சித்திரத்திலிருந்த தவில்காரரை நான் மறந்தேன். நாகேஷின் வைத்தியோ, இனி எவர் வரைந்தாலும் அவர் முகத்தையே வரையவேண்டும் என்று ஆக்கிவிட்டார். மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணி படத்தின் தலைவியோடு சமமாக நினைவில் நிற்பவள். நாடகக் கொட்டகைப் பெண்ணின் வெகுளித்தனமும் தனிமையும் அவ்வளவு சிறிய இடத்துக்குள் வேறெங்கும் சொல்லப்பட்டதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, தாளால் தர முடியாத ஒன்றைத் திரை தந்தது: ஒலி. தொடர்கதையில் சண்முகசுந்தரம் வாசித்தார் என்று படித்தோம், வாசித்ததைக் கேட்டோமில்லை. கே. வி. மகாதேவன் இசையமைப்பில் மதுரை எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாதசுரம் அந்த வெற்றிடத்தை நிரப்பியது. சிவாஜியின் விரல்களும் கன்னமும் மூச்சும் அந்த ஒலியோடு இயைந்ததைப் பற்றி வித்துவான்களே வியந்து பேசினர். குத்துண்டு பிழைத்து வந்தவன் மேடையில் வாசிக்க, ஆடுகின்றவள் பாட்டின் வழியே அவன் நலம் கேட்க, அவன் வாசிப்பே விடையாகும் இடம் ஒன்று உண்டு. பேச்சில் சொல்லியிருந்தால் அது ஒன்றுமில்லை. தாயார் பக்கத்தில் இருக்க, ரயில் பெட்டியில் பார்வையாலேயே பேசிக்கொள்ளும் காட்சியும் அத்தகையதே. இவை திரைக்கே உரிய ஆக்கங்கள். தேசிய விருதில் அவ்வாண்டின் சிறந்த தமிழ்ப்படமாக இது தேர்வு பெற்றதில் யாருக்கும் மாறுபாடு இருக்க இயலாது.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை எழுதியதற்குப் பொருளில்லை. படத்தின் எடை நாயகன்மேல் சாய்ந்துவிட்டது. சிவாஜி போன்ற நடிகர் இருக்கும்போது அது இயல்பே. ஆனால் அதனால் கதையின் கேள்வி மாறுகிறது. மோகனா தேர்ந்துகொண்டாளா என்பது பின்னே போய், சண்முகசுந்தரம் அவளை நம்புவாரா என்பது முன்னே வருகிறது. அவர் ஐயுறுகிறார், சினக்கிறார், அவள் மெய்ப்பிக்கிறாள். மீண்டும் ஐயுறுகிறார், மீண்டும் மெய்ப்பிக்கிறாள். மதன்பூர் அரண்மனைப் பகுதியில் இது உச்சத்தை அடைகிறது. அவள் தேர்வு ஒரு முறை செய்யப்பட்டது. அவர் தேர்வோ கடைசிக் காட்சிவரை நிலுவையில் இருக்கிறது. சித்திரத்தில் மோகனாவின் முகத்தை ஒரு வாரம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கலாம். திரையில் அந்த நேரம் சிவாஜியின் முகத்துக்குப் போய்விடுகிறது.

வேறொரு முரணும் உண்டு. பத்மினி திருவாங்கூரிலிருந்து வந்தவர்; ஆடலை முறையாகப் பயின்றவர்; மோகனாவாக அவர் ஆடியதில் குறையேதும் காண்பதற்கில்லை. ஆனால் 1968க்குள், மோகனா பிறந்ததாகச் சொல்லப்படும் மரபைச் சேர்ந்த பெண்கள் மேடையிலிருந்து பெரும்பாலும் விலகியிருந்தனர். பாலசரஸ்வதி போன்றோர் விதிவிலக்கு. சட்டம் இழிவை ஒழித்தது. அதனுடன் ஆட்டமும் அவர்கள் வீட்டைவிட்டு வெளியேறி வேறு வீடுகளில் குடியேறியது. மோகனாவின் காதல் வென்ற கதையைத் தமிழகமே கொண்டாடிய வேளையில், உண்மையான மோகனாக்களின் பேத்திகள் தம் பாட்டியின் தொழிலை வெளியில் சொல்லாமல் வாழப் பழகிக்கொண்டிருந்தனர். இது படத்தின் குற்றமன்று. கொண்டாடியவர்களுள் ஒருவனாகிய என் நினைவில் நெருடுவது.

பின்னும் அக்கதை ஓயவில்லை. 1989இல் கங்கை அமரன் இயக்கிய 'கரகாட்டக்காரன்', 'தில்லானா'வின் சாயலில் எழுந்தது. நாதசுரத்துக்கும் பரதத்துக்கும் பதில் இருவர் தலையிலும் கரகம். மகாராஜாவும் அரண்மனையும் போய், கிராமத்துப் பெரிய மனிதர் வந்தார். இளையராஜாவின் இசையுடன் ஓராண்டுக்கு மேலும் ஓடிற்று. சிலர் அதை மலிவுப்பதிப்பு என்பர். நான் அப்படிக் கருதவில்லை. ஆடுகிறவன், ஆடுகிறவள் இருவரும் ஒரே தட்டில் நிற்பதால் ஐயப்படும் நாயகனுக்கு அதில் இடம் குறைவு. நம் வடஆர்க்காட்டுத் திருவிழாக்களில் விடியவிடியக் கரகம் பார்த்த கண்களுக்கு அது உடனே உறவாகிவிட்டது. 'பொன்னியின் செல்வன்' பற்றித் தனியே எழுதவேண்டும். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் மணியம் வரைந்த முகங்களோடு வளர்ந்தவர்கள், 2022இலும் 2023இலும் மணிரத்னத்தின் இரு படங்களைப் பார்த்துவிட்டு 'இவள் குந்தவையா?' என்று வாதிட்டதை நம் கூட்டங்களிலேயே கேட்டோம்.

அந்த வாதம் எனக்குப் புதிதன்று. 'தில்லானா மோகனாம்பாள்' ஆரணிக்கு வந்தபோது அத்தையும் நாங்களும் சென்று பார்த்தோம். இடைவேளையில் முறுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு அவர் சொன்னது இது: "ஆட்டம் நல்லாத்தான் ஆடறா. ஆனா மோகனா இவ இல்லை. மோகனா இவ்வளவு அழமாட்டா." அப்பா மறுத்தார். நாதசுரத்தில் மயங்கியிருந்தார் அவர்.

எங்கள் வீட்டுத் 'தில்லானா' பைண்டில் கடைசிச் சில வாரங்களின் தாள்கள் இல்லை. யாரோ இரவல் வாங்கித் திருப்பித் தரும்போது அவை உதிர்ந்துபோயிருந்தன. அவ்விடம் வந்ததும் அத்தை புத்தகத்தை மூடிவிட்டு மீதியை வாயால் சொல்வார். ஒருமுறை சொன்னது மறுமுறை இராது. ஒரு முடிவில் இருவரும் திருவாரூரிலேயே வீடு கட்டிக் குடியிருந்தனர். ஒன்றில் மோகனா பெண் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தாள். இன்னொன்றில் சண்முகசுந்தரம் ஐயப்பட்ட அன்றே அவள் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவன் ரயிலடிவரை பின்னால் ஓடிவந்தான். எங்களுள் யார் எந்த முடிவைக் கேட்டோமோ அதைச் சொல்வார். நாங்கள் கேட்காத நாளில் இந்தக் கடைசியைச் சொல்வார். அவன் ரயிலைப் பிடித்தானா என்று கேட்டால், "தார் தீர்ந்துடுச்சு, அப்பாவுக்கு எடுத்துக் குடு" என்பார்.

அந்தத் தொகுதியை நம் இளங்கவிஞரிடம் கொடுத்திருக்கிறேன். கடைசித் தாள்கள் இல்லை என்று முன்கூட்டியே சொல்லியும் இருக்கிறேன்.